மூன்று ஒற்றுகள்

நவம்பர் 12, புதன்

சற்றுமுன் கிடைத்த செய்தி: அயனாவரம் தாழை அடுக்ககம், மூன்றாம் மாடி வீட்டில் மிக்ஸி ஜாரின் மூடியைக் காணவில்லை. மூடிக்குப் பதிலாகத் தட்டை வைத்து அரைத்ததில் தேங்காய்ச் சட்னி கூரையைத் தொட்டது. குடும்பத் தலைவி கடும் கண்டனம் தெரிவித்துள்ளார். குடும்பத் தலைவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தேங்காச் சட்னியா, கொத்தமல்லியா?" என்று விளக்கம் கேட்டதால் பதற்றம் அதிகரித்தது. மூடியைக் கண்டுபிடிக்க விசாரணைக் குழு அமைக்கப்பட்டுள்ளது. குழுத் தலைவர்: நான்.

மூடியைத் தேடுகிற சாக்கில் பரணில் ஏறியபோது இந்த டைரி கிடைத்தது. ஜனவரியில் யாரோ அப்பாவுக்குக் கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மூடி கிடைக்காது என்று உள்ளுணர்வு சொன்னதால் டைரியோடு இறங்கிவிட்டேன்.

என் பெயர் கலைக்கோவன். பிளஸ் ஒன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது 'கலைகோவன்' என்று எழுதிவிட்டார்களாம். விடுபட்ட அந்த 'க்'குக்காக அப்பா ஒரு வாரம் பள்ளிக்கு அலைந்தார். என் நண்பன் ரீகனுக்கு 'க்' எல்லாம் கவலை இல்லை. "கூட்டத்தைக் கலைக்கிறதுக்குன்னே பொறந்தவன்டா நீ" என்பான். பாராட்டுத்தான்.

என் அப்பா பரஞ்சோதி டிவியில் வருகிறார். முகம் வராது. கீழே ஓடுவார். 'கணம்' செய்திச் சேனலில் திரையின் அடியில் ஓடுகிற வரி இருக்கிறதல்லவா, அதை அடிப்பவர் அவர். க், ச், த், ப் என்கிற ஒற்று எழுத்துகளை இந்த நகரத்தில் இன்னமும் மதிக்கிற ஒரே மனிதர். அலுவலகத்தில் அவரை 'ஒற்றர்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அவரும் அதை விருது மாதிரி வீட்டில் வந்து சொல்கிறார்.

இந்த டைரியில் ஒற்றுப் பிழை இருக்காது. நான் யார் மகன்!

நவம்பர் 13, வியாழன்

வகுப்பில் யாரும் கரும்பலகையைப் பார்ப்பதில்லை. ஜன்னலையே பார்க்கிறோம். வானம் கறுத்தால் கைத்தட்டல். கெமிஸ்ட்ரி மிஸ், "மேகத்துல என்னடா எழுதியிருக்கு?" என்றார். "லீவு மிஸ்" என்றேன். வெளியே நிற்க வைத்தார். அங்கிருந்து வானம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

சென்னை மழையின் குணம் எல்லோருக்கும் தெரியும். லீவு விட்டால் வெயில் அடிக்கும். விடாவிட்டால் புத்தகப்பை மிதக்கும். வரும் செவ்வாய்க்கிழமை கெமிஸ்ட்ரி டெஸ்ட். எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. எங்கும் உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்து நடந்து, "தரை தேயுதுடா" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பால்கனியிலிருந்து பார்த்தால் எதிர் வீட்டு சன்ஷேடில் ஏதோ வட்டமாகத் தெரிகிறது. அதில் தேங்கிய மழைத் தண்ணீரை ஒரு காக்கை குடிக்கிறது. யாருடைய பொருளோ, பாவம்.

நவம்பர் 14, வெள்ளி

சாதனை. கீழ்த்தளத்தில் பஜனை நடக்கும் வீட்டு வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று பலகை இருக்கும். முதல் எழுத்தை மட்டும் மாற்றினேன். 'பருப்பை வெளியே விடவும்.' சாயங்காலம் பார்த்தால், செருப்புகளுக்கு நடுவில் யாரோ உண்மையாகவே அரைக் கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுத்துக்கு எவ்வளவு மரியாதை! எழுதியிருந்தால் செய்துவிடுகிறார்கள். யார் எழுதியது என்று கேட்பதில்லை.

இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 15, சனி

அடுக்களையில் அப்பாவும் அம்மாவும் பேசியது, தண்ணீர் குடிக்கப் போனபோது காதில் விழுந்தது. (தண்ணீர் குடிக்க மெதுவாகப் போனேன்.)

"புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்காங்க சுமதி. செய்தியை உள்ள போட்டா அதுவே வரியா அடிச்சுத் தள்ளுது. மூணு பேர் எதுக்குன்னு கேக்குறாங்க."

"எத்தனை பேரை வச்சுக்குவாங்களாம்?"

"ரெண்டு. ஒருத்தர் தொக்கி நிக்கணும்."

"தமிழ்லயே பயமுறுத்தாதீங்க. வேலை போயிடும்னா போயிடும்னு சொல்லுங்க."

"போகாது. ஒரு தப்பும் வராம பாத்துக்கணும், அவ்வளவுதான்."

தொக்கு என்றால் எனக்குத் தக்காளித் தொக்கு மட்டும்தான் தெரியும். மாற்றுச் சட்னி கிடைக்காத இந்த மூடியற்ற காலத்தில் அதைத்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறோம்.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பாவிடம் தமிழில் ஒரு சந்தேகம் கேட்டேன். பரீட்சைக்கு. மனிதர் மிக்ஸி மூடியே கிடைத்ததுபோல மலர்ந்துவிட்டார். "சுமதி, இவன் சந்தேகம் கேக்குறான்!" என்று அடுக்களை வரை போய் அறிவித்தார். அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு போய் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தார். கேட்காமலே. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்.

பஜ்ஜி நன்றாக இருந்தது. வேறு விசேஷமில்லை.

நவம்பர் 17, திங்கள்

இன்றைய நாள் வரலாற்றில் இடம்பெறும். ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு மேதை இன்று மாலை தன் போனில் ஒரு படம் தயாரித்தார். கணம் சேனலின் திரை, அதன் சிவப்புப் பட்டை, மூலையில் அதன் சின்னம். எல்லாம் அசல். பட்டையில் ஓடிய வரி மட்டும் மேதையின் கைவண்ணம்:

கனமழை: சென்னைப் பள்ளிகளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை

வரியைக் கவனியுங்கள். சென்னை'ப்'. பள்ளிகளுக்கு'ச்'. செவ்வாய்'க்'. மூன்று ஒற்றும் மூன்று காவலர்கள்போல அதனதன் இடத்தில் நிற்கின்றன. இவ்வளவு சுத்தமான தமிழை யார் சந்தேகப்படுவார்கள்? பிழையோடு இருந்தால் அல்லவா போலி!

பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்த மேதையை இனி 'அவர்' என்றே குறிப்பிடுவேன். அவர் அந்தப் படத்தை மூன்று குழுக்களுக்கு அனுப்பினார். அடுக்ககக் குழு, வகுப்புக் குழு, டியூஷன் குழு. ஒரு மணி நேரத்தில் அதே படம் பெரம்பூரில் இருக்கும் ஒரு மாமாவிடமிருந்து வந்தது. அப்புறம் தாம்பரத்திலிருந்து. அப்புறம் பெங்களூரிலிருந்து ஒரு சித்தி, "ஜாக்கிரதையா இருங்க" என்று கைகூப்பும் பொம்மை போட்டு அனுப்பினாள். ரீகன் ஆட்டம் ஆடுகிற வீடியோ ஒன்றை அனுப்பினான். கீழ்வீட்டுச் சின்னப் பையன்கள் படிக்கட்டில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

சென்னை மாநகரம் அவர் சொன்னபடி கேட்டது. பதினாறு வயதில் இது யாருக்கு வாய்க்கும்?

நவம்பர் 18, செவ்வாய்

வெயில். ஒரு பொட்டு மேகம் இல்லை. துணி காயப்போட்டால் கருகும்.

பாதி நகரம் லீவு எடுத்தது. ஸ்கூல் ஆட்டோ அண்ணன்கள் வரவே இல்லை. வாசலில் சீருடையோடு நின்ற பிள்ளைகளை அம்மாக்கள் உள்ளே கூட்டிப் போனார்கள். அவர் பால்கனியிலிருந்து இதையெல்லாம் ஒரு மன்னரைப்போலப் பார்த்திருக்க வேண்டும்.

பார்க்கவில்லை. காரணம், அம்மா. எந்தச் செய்தி வந்தாலும் அலுவலகத்துக்குப் போன் போட்டு அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம்ப மாட்டாள். "அப்படி ஒண்ணும் வரலையாம். கெளம்பு" என்றாள். "டிவியிலயே வந்துச்சும்மா!" என்றேன். "உங்கப்பாதான்டா டிவி" என்றாள்.

சென்னையே விடுமுறை கொண்டாடிய நாளில் கலைக்கோவன் பள்ளிக்குப் போனான். என் வகுப்பில் ஆறு பேர். கெமிஸ்ட்ரி மிஸ் ஆறு பேருக்கும் டெஸ்ட் வைத்தார். முதல் பெஞ்சில் உட்கார வைத்து, எதிரிலேயே நாற்காலி போட்டுக்கொண்டு.

ரீகன் மத்தியானம் வீட்டிலிருந்து செய்தி அனுப்பினான்: "சூப்பர் தூக்கம் மச்சி." இவனை என்ன செய்வது?

மாலையில் ஆட்சியர் அலுவலகம் மறுப்பு. கணம் சேனலும் அதே சிவப்புப் பட்டையில் மறுப்பு போட்டது: 'பள்ளிகளுக்கு செவ்வாய் கிழமை விடுமுறை என பரவும் படம் போலி.' எத்தனை ஒற்று காணோம் என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய போலி, இவர்களுடைய அசலைவிட அழகு.

நவம்பர் 19, புதன்

அப்பா மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

நவம்பர் 20, வியாழன்

அப்பா இன்றும் போகவில்லை. லீவாம். கேட்டால், "கொஞ்ச நாள் லீவு குடுத்திருக்காங்கடா" என்றார். அவர் இதுவரை காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர லீவு எடுத்ததே இல்லை.

ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் சீருடையை இஸ்திரி போட்டார். கூரையில் ஒட்டியிருந்த சட்னியை ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தார். பூஜை அலமாரி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முருகன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு நல்ல சிலேடை இருக்கிறது. இத்தனை வருடம் வேலை பார்த்தவர், இப்போது வேலைப் பார்க்கிறார். ஒரே ஒரு 'ப்'. வேலை பார்த்தால் உத்தியோகம். வேலைப் பார்த்தால் முருகன் கையில் இருக்கும் வேல். அப்பா சொல்லித்தந்த உதாரணம்தான் இது. சொன்னால் ரசிப்பார்.

சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மழை. மொட்டை மாடித் துணியெல்லாம் ஹாலில் கொடி கட்டித் தொங்குகிறது. ஈரத் துண்டுகளுக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் பேசினார்கள். இந்தப் பக்கம் நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

"மேல இருந்து கேட்டிருக்காங்க. அந்த லீவு படம் வெளியில யாரோ பண்ணினதுன்னுதான் எடிட்டர் வசுமதி மேடமும் முதல்ல சொன்னாங்க. டெஸ்க்ல ஒருத்தன் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, 'மேடம், மூணு ஒற்றும் சரியா இருக்கு. நம்ம சேனல்ல தப்பில்லாம வந்தா அது பரஞ்சோதி சார் அடிச்சதுதான்'னான்."

"அதுக்கு?"

"என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. 'இந்தத் தமிழ் யாருது சார்?'னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னோடதுதான்னேன்."

"நீங்களா போட்டீங்க?"

"போட்டேன்னு சொல்லலையே. தமிழ் என்னோடதுன்னேன். பொய்யும் சொல்லல, வேற எதுவும் சொல்லல. அடுத்த வெள்ளிக்கிழமை விசாரிக்கிறோம், அதுவரைக்கும் வீட்டுல இருங்கன்னுட்டாங்க."

துண்டுகளுக்கு இடையில் ஒரு சந்து. அதன் வழியே தெரிந்தது: அம்மா திரும்பி என் அறைக் கதவைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை. காற்றாக இருக்கும்.

ஒற்று என்றால் மெய்யெழுத்து. ஒற்று என்றால் உளவும்கூட. உளவு பார்த்துக் காட்டிக்கொடுப்பது. மூன்று காவலர்கள் என்று எழுதியிருந்தேன். அவர்கள் காவலுக்கு நிற்கவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 22, சனி

ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட்டேரி வரை போய்த் திரும்பினேன். வழியெல்லாம் பலகைகள். 'பழ கடை'. 'துணி கடை'. 'தீ பெட்டி மொத்த விற்பனை'. எல்லாக் கடையிலும் ஒற்றைத் தின்றுவிட்டு நிம்மதியாக வியாபாரம் செய்கிறார்கள். யார் வேலையும் போகவில்லை.

வீட்டில் அப்பா கணம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இல்லாமல் கீழே வரி ஓடுகிறது. 'கணமழை நீடிக்கும்.' அப்பா ரிமோட்டைக் கையில் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். "கனத்துக்கு மூணு சுழி போட்டு வச்சிருக்கான்" என்று யாரிடமோ சொன்னார். ஹாலில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

நவம்பர் 23, ஞாயிறு

ரீகனிடம் சொன்னேன். அதாவது, 'அவர்' என்று ஆரம்பித்துச் சொன்னேன். அவன் கையில் இருந்த சமோசாவைக் கீழே வைத்துவிட்டான். ரீகன் சமோசாவைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"இன்னாடா சொல்ற? அந்த லீவு போட்டோ நீயா?"

"அவர்."

"எவர்ரா அவரு? மூஞ்சியப் பாரு. உங்கப்பா வேலைக்குப் போலயா இப்ப?"

"லீவு."

"ஊருக்கே லீவு வுட்ட. எவனுக்கும் கெடைக்கல, உங்க நைனாக்கு மட்டும் கெடைச்சிருக்கு." கொஞ்சம் யோசித்தான். "பேருக்கேத்த மாரி பண்ணிட்ட மச்சி. அவர் வேலையவே கலைச்சிட்ட."

என் பெயரை வைத்து அவன் நூறு தடவை சிலேடை சொல்லியிருப்பான். சிரிக்காதது இதுதான் முதல் தடவை. அவனும் சிரிக்கவில்லை.

"போயி சொல்லிடுடா."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியாது. சொல்லாட்டி இன்னா ஆவும்னு தெரியுது இல்ல?"

சமோசாவை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

நவம்பர் 25, செவ்வாய்

கெமிஸ்ட்ரி பேப்பர் வந்தது. மதிப்பெண்ணை இங்கே பதிவு செய்வது டைரிக்கு அழகல்ல.

நவம்பர் 26, புதன்

மாலை அப்பா கூப்பிட்டார். "வாடா, பஜ்ஜி சாப்பிட்டு வரலாம்."

தெருத் தண்ணீரில் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நடந்தோம். கடைப் பலகை வழக்கம்போல 'டீ கடை'. எப்போதும் அந்த இடத்தில் நின்று, "க் எங்கடா?" என்று கேட்பார். இன்று கேட்கவில்லை. அது எனக்கு என்னவோபோல இருந்தது.

பஜ்ஜி வந்தது. எனக்கு இறங்கவில்லை.

"ஏன்டா, உப்பு ஜாஸ்தியா?"

"இல்லப்பா."

"அன்னைக்கு நாலு சாப்பிட்டியே."

"பசியில்லப்பா."

அப்பா தன் பஜ்ஜியைத் தாளில் அழுத்தி எண்ணெய் எடுத்தார். அதைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "வேற எதுவும் சந்தேகம் இல்லையா?"

"என்ன சந்தேகம்?"

"எதா இருந்தாலும். தமிழ்ல."

"இல்லப்பா."

"சந்தேகம் இருந்தா கேட்டுடணும்டா. உள்ள வச்சுக்கிட்டா சாப்பிட முடியாது."

இரண்டாவது தடவை சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். நான் டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதைப் பார்த்தேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. அவர் அதைச் சிந்தாமல் செய்கிறார். என்னால் ஒரு வார்த்தையைக்கூட வெளியே ஊற்ற முடியவில்லை.

அப்பாவுக்குத் தெரியும். அன்றைக்கு அலுவலகத்தில் அந்தப் படத்தை நீட்டிய நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

நவம்பர் 27, வியாழன்

அவர் இல்லை. நான்.

நவம்பர் 28, வெள்ளி

பெருமையடிப்பது எனக்குப் பிடிக்காது. சுருக்கமாக எழுதுகிறேன்.

இன்று பள்ளிக்குப் போகாமல் பஸ் பிடித்துக் கிண்டியில் இருக்கும் கணம் அலுவலகத்துக்குப் போனேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தேன். செய்தி ஆசிரியர் வசுமதி மேடம் முன் நின்று, "அந்தப் படத்தைப் போட்டவன் நான். என் அப்பாவுக்கு எதுவும் தெரியாது" என்றேன். அறையே அதிர்ந்தது. "அந்த வரியை எழுதிக் காட்டு" என்றார். ஒரே மூச்சில் எழுதி நீட்டினேன். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

திங்கள்கிழமையிலிருந்து அப்பா வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செய்திகள் நிறைவடைந்தன.

நவம்பர் 30, ஞாயிறு

திருத்தம்.

இந்த டைரியில் சில தவறான தகவல்கள் இடம்பெற்றுவிட்டன. தவறுக்கு வருந்துகிறோம். 'றோம்' என்ன 'றோம்', வருந்துகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழையவில்லை. நுழையவே இல்லை. வாசல் காவலாளி, "ஸ்கூல் டிரஸ்ஸுல எங்கப்பா வந்த?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன். பேச்சுக்குப் பதிலாக அழுகை வந்தது. அவர் பயந்துபோய் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, மூக்கைத் துடைக்கத் தன் கைக்குட்டையும் கொடுத்து, யாருக்கோ போன் போட்டார். அப்படித்தான் மேலே போனேன். லிஃப்டில். அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

வசுமதி மேடம் அம்மா வயது. மேசையில் ஆறிப்போன காபி. அப்பாவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் விக்கி விக்கிச் சொன்னதை மேடம் முழுதாகக் கேட்டார். பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"அந்த வரியை எழுது."

எழுதினேன். 'சென்னை பள்ளிகளுக்கு செவ்வாய்க்கிழமை விடுமுறை.' அழுகையில் எழுதியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அழாவிட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மேடம் படித்தார். "மூணுல ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு ஒற்று எங்க?"

நான் தாளைப் பார்த்தேன். எங்கே வரும் என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை.

"தம்பி, அப்பா மேல இருக்கிற பாசத்துல வந்திருக்கே. புரியுது. ஆனா இந்தப் படத்தைப் பண்ணினவனுக்குத் தமிழ் தெரியும். உனக்குத் தெரியல. வீட்டுக்குப் போ."

என்ன கொடுமை பாருங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை சொல்கிறேன், என் தமிழைப் பார்த்து நம்ப மறுக்கிறார்கள். "மேடம், நான்தான் மேடம்! என்னை நம்புங்க மேடம், நான் ரொம்பக் கெட்டவன் மேடம்!" என்று கத்தினேன். என் குரல் கேட்டு அப்பா உள்ளே வந்துவிட்டார்.

என்னைப் பார்த்தார். ஈரமான சீருடை, கையில் காவலாளியின் கைக்குட்டை. மேசையில் இருந்த தாள் அவர் கண்ணில் பட்டது. என் கையெழுத்து. அவ்வளவுதான். அவருடைய கை தன்னால் சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. 'சென்னை'க்குப் பக்கத்தில் ஒரு 'ப்'. 'பள்ளிகளுக்கு'ப் பக்கத்தில் ஒரு 'ச்'. "நாலாம் வேற்றுமைடா, வல்லினம் மிகும்" என்று முணுமுணுத்தார். பேனாவை மூடினார். அதற்கப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

மேடம் தாளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இப்படித்தான் நடந்துச்சா?"

தலையாட்டினேன்.

இப்படித்தான் நடந்தது. பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஐந்து வரிகளை எழுதி, பரீட்சைக்கு என்று பொய் சொல்லி அப்பாவிடம் நீட்டினேன். நான்கு வரி சும்மா, புத்தகத்திலிருந்து எடுத்தது. நடுவில் இந்த வரி. என் வரியில் ஒரு ஒற்றுகூட இல்லை. பிழையோடு போட்டால் போலி என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி, வட்டம் போட்டு, மூன்று ஒற்றையும் தன் கையால் வைத்துக் கொடுத்தார். நான் காரணங்களைக் கேட்கவில்லை. தலையாட்டிக்கொண்டே ஒற்றுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்காகத்தான் மனிதர் கணுக்கால் தண்ணீரில் நடந்துபோய் பஜ்ஜி வாங்கி வந்தார். மகன் சந்தேகம் கேட்டான் என்று.

"நம்ம சேனல்ல பிழை இல்லேன்னா போலின்னு வெளிய சொல்லிடாதீங்க சார்" என்று மேடம் அப்பாவிடம் சொன்னார். சிரித்தாரா என்று தெரியவில்லை. அப்பா திங்கள்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றும் மேடமே சொன்னார். மூவரில் ஒருவர் விஷயம்? அது மேலே இருப்பவர்கள் முடிவு, ஜனவரியில் தெரியும் என்றார். அது இன்னும் தொக்கி நிற்கிறது. இப்போது எனக்கு அந்தச் சொல் புரிகிறது. தக்காளி எதுவும் இல்லை அதில்.

எனக்கு மேடம் கொடுத்த தண்டனை: படம் அனுப்பிய மூன்று குழுக்களிலும், அதைப் போட்டவன் நான் என்று பெயரோடு மன்னிப்பு எழுத வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். எழுதிவிட்டு, "அப்பா, இதுல ஒற்று சரியா இருக்கா?" என்று போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "அது உன்னோடதுடா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியில் 'பழ கடை' வந்தபோது மட்டும் உதடு அசைந்தது.

வகுப்புக் குழுவில் ரீகன் முதல் ஆளாக ஒரு சமோசா பொம்மை போட்டான். கெமிஸ்ட்ரி மிஸ் என் பெற்றோரை அழைத்திருக்கிறார். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இட்லியை மட்டும் சத்தமாக வைக்கிறாள்.

கடைசியாக ஒன்று. மிக்ஸி மூடி எதிர் வீட்டு சன்ஷேடில் இருக்கிறது. ரீகனும் நானும் மொட்டை மாடியில் அதைத் தட்டு மாதிரி பறக்கவிட்டு விளையாடினோம். எறிந்தது நான். விசாரணைக் குழுத் தலைவர் பதவியை இத்துடன் ராஜினாமா செய்கிறேன். நாளைக் காலை கம்போடு போய் எடுத்துவிட்டு அம்மாவிடம் சொல்ல வேண்டும். காக்கை கோபித்துக்கொள்ளும்.

இந்த டைரியில் ஒற்றுப் பிழையே இருக்காது என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். இருந்தால், அது என்னுடையதுதான்.